கறள் பிடிக்க வேண்டிய தகடு

ஓக்லண்ட் ஈஸ்ட் டாமாக்கியில் இருக்கும் நம் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் போய் இப்படிக் கேட்கலாமா? நான் பாட்டுக்கு வீட்டுப் பின்பக்கத்தில் கத்தரி நட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். கிளப்பிவிட்டார்கள். இனி நீங்கள் இருந்து வாசித்துத்தான் ஆக வேண்டும்.

கருவிகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அதற்குத் தடித்த தடித்த கையேடுகள் இருக்கின்றன, நீங்களும் என்னைவிடப் படித்தவர்கள். நான் சொல்லப்போவது வேறு. முடிவு கையில் வந்துவிட்டது. எல்லோரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் பிடித்த முடிவும்கூட. ஆனால் அது பிழை என்று உங்களுக்கு மட்டும் தெரிகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? உடனே பதில் சொல்லாதேயுங்கள். நானும் உடனே சொன்னேன், என் பதில் அவ்வளவு நல்ல பதில் இல்லை.

வெளியார் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. உலோகம் எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்ப்பதுதான் நம் தொழில். குளியலறைக் குழாய், படகு ஆணி, பல்கனிக் கம்பி என்று எது வந்தாலும் ஈரப் பெட்டிக்குள் வைத்து, எப்போது கறள் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். யாழ்ப்பாணத்தாருக்குக் கறள், தமிழ்நாட்டாருக்குத் துரு. பெயர் எதுவானாலும் நமக்குச் சோறு போடுவது அதுதான்.

சில வருடங்களுக்கு முன் கிரேக் என்பவர் நம்மிடம் வந்தார். புக்கெகோஹியில் தகப்பன் நடத்திய துப்பாக்கி திருத்தும் கடையை அப்போதுதான் பொறுப்பெடுத்திருந்தார். அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் முயல் சுடுகிறவர்களும்தான் வாடிக்கையாளர்கள். அதோடு, பழைய காலத்துத் துப்பாக்கிகளைப் பிள்ளைகள் மாதிரிப் பராமரிக்கும் ஒரு கழகமும் இருந்தது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு கூடி, அந்தப் பழசுகளை வெளியே எடுத்துச் சுடுவார்கள். அந்த வகைத் துப்பாக்கிக்குப் புதுத் தோட்டா கிடைப்பது கஷ்டம். அதனால் எங்கோ ஒரு நாட்டு இராணுவம் தேவையில்லை என்று கழித்துவிட்ட பழைய தோட்டாக்களைத் தகர டின்களில் கிரேக் இறக்கியிருந்தார்.

இங்கேதான் சிக்கல். தோட்டாவின் அடியில் பிரைமர் என்று ஒரு சின்ன மூடி இருக்கிறது. ஊசி அடித்ததும் முதலில் தீப்பிடித்து உள்ளே இருக்கும் மருந்தைக் கொளுத்துவது அதுதான். பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் அந்தப் பிரைமர் எரிந்த பிறகு ஒரு வகை உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு துப்பாக்கியின் குழாய்க்குள் படிந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓக்லண்ட் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அலுமாரிக்குள் தொங்கும் சேலையே பூசணம் பிடிக்கிற ஊர். சில நாட்களில் குழாய் உள்ளுக்குள்ளேயே கறள் தின்று போய்விடும். விற்றவர்கள் இது அந்த வகை இல்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். விற்கிறவன் சத்தியத்தைக் கிரேக் நம்பவில்லை. சோதித்துச் சொல்லுங்கள் என்று நம்மிடம் வந்தார்.

எனக்கு அந்த வேலை வேண்டவே வேண்டாம். எங்கள் ஊரில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். நான் ஊரை விட்டு ஓடி வந்ததே துவக்குச் சத்தத்துக்குப் பயந்து. இந்த நாட்டுக்கு வந்த பிறகும் தீபாவளிக்கு யாராவது வெடி கொளுத்தினால் மேசைக்குக் கீழே போகாத குறைதான். அப்போதிருந்த மனேஜரிடம் போய், இதை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்டேன். அவர் இந்த நாட்டின் தெற்குத் தீவான சவுத் ஐலண்டில் பிறந்து வளர்ந்த பெண்மணி, வார்த்தையைக் கிள்ளித்தான் தருவார்.

"யார் சுடுகிறார்கள், எதற்குச் சுடுகிறார்கள் என்பது நம் கேள்வி இல்லை" என்றார். "தகடு கறள் பிடிக்கிறதா இல்லையா, அது மட்டும்தான் நம் கேள்வி."

பிடித்தால் பிடிக்கட்டுமே என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. உலகத்தில் இருக்கிற துவக்கெல்லாம் ஒரேயடியாகக் கறள் பிடித்தால் கோயிலில் போய்த் தேங்காய் உடைப்பேன். ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவள் நான். சம்பளம் வாங்கிக்கொண்டு கறளோடு கட்சி சேர முடியாது.

எனக்கு உதவிக்கு வந்தவர் சென்னைக்காரர். வயதில் என்னைவிட மிகவும் இளையவர் என்பதால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அங்கே கார் உதிரிப்பாகம் செய்யும் பெரிய ஆலையில் பல வருடம் பொறியியலாளராக இருந்தவர். இங்கே வந்து எனக்குக் கீழே தகடு துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மனைவியும் மகளும் அவருமாக த்ரீ கிங்ஸில் ஒரு சின்ன வாடகை வீடு. அவருடைய விசா நம் ஆய்வுகூடத்து வேலையோடு கட்டிப்போட்ட விசா. இங்கேயே தங்கிவிட நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது, அதற்கு மனேஜரின் ஆதரவு வேண்டும். வேலை போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். மகள் பள்ளிக்கூடத்தில் படித்த, இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரிப் பாட்டை வீடு முழுக்கப் பாடித் திரிகிறாள் என்று பெருமையாகச் சொல்லுவார், சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்.

நாங்கள் இரண்டு பேரும் புக்கெகோஹிக்குப் போனோம். துப்பாக்கி வேலைக்கு உரிமம் உள்ளவர் கிரேக், ஆகவே தோட்டாவைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு வெறும் பிரைமரை மட்டும் வெடிக்க வைப்பது அவர் பொறுப்பு. அது வெடிக்கும் இடத்துக்கு முன்னால் பளபளப்பாகத் தீட்டிய இரும்புத் தகட்டைப் பிடித்து வைப்பது நம் பொறுப்பு. ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு தகடு. அதோடு இன்னும் இரண்டு. ஒன்றில் எதுவுமே படக்கூடாது, அது சுத்தமாக இருக்க வேண்டிய தகடு. மற்றதில், கெட்டது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு தோட்டாவின் பிரைமரை வெடிக்க வேண்டும். அது கறள் பிடித்தே ஆக வேண்டிய தகடு.

அந்தக் கெட்ட தோட்டா கிரேக்கின் தகப்பனுடைய பழைய பெட்டியிலிருந்து வந்தது. அதனால் பாழான ஒரு குழாயையும் கிரேக் எடுத்து வந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. பிறகு இன்னொரு துப்பாக்கியின் குழாயைக் காட்டினார். அதற்குள் கண்ணாடி போல ஒளி ஓடியது.

"இது கழகத்து மார்கரெட்டுடையது" என்றார். "புருஷன் இருந்தவரைக்கும் ஒவ்வொரு வாரமும் இதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக மார்கரெட் தன் கையால் சுடப்போகிறார். நான் கொடுக்கும் தோட்டாவை நம்பித்தான்."

அதுவரைக்கும் துவக்கு ஒன்றைப் பார்த்து ஐயோ பாவம் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கு நினைத்தேன். எனக்கே என்மேல் கோபம் வந்தது.

பிரைமர் வெடிக்கத் தொடங்கியதும் நான் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"நீங்க உள்ளயே இருங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று தம்பி சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் முடித்து, தகடுகளை ஒன்றோடு ஒன்று உரசாமல் அழகாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தார். திரும்பி வந்ததும் ஈரப் பெட்டிக்குள் வைத்தோம். வெள்ளிக்கிழமை திறந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. கிரேக் அன்று மத்தியானம் வந்து அறிக்கையை வாங்கிப் போவார்.

வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தோம். ஒரு தகட்டிலும் கறள் இல்லை. கிரேக்கின் டின்கள் எல்லாம் சுத்தம். மனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, அவர் வாயிலிருந்து அபூர்வமாக வரும் "குட்" என்ற சொல்லையும் சொன்னார்.

எனக்கும் ஒரு நொடி சந்தோஷம்தான். பிறகு கண் கடைசித் தகட்டுக்குப் போனது. கறள் பிடித்தே ஆக வேண்டிய தகடு. அதுவும் பளபள என்று இருந்தது.

"இது ஏன் பிடிக்கேல்லை?" என்று நான் கேட்டேன்.

மனேஜர் யோசித்தார். "மிகப் பழைய தோட்டா. பிரைமர் சத்துக் கெட்டுப் போயிருக்கும்" என்றார். "மற்றத் தகடுகளில் ஒன்றுமே இல்லையே. அறிக்கையில் ஒரு குறிப்பு எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த மனிதர் மத்தியானமே வந்து நிற்பார்."

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். மனேஜர் பொய் சொல்லவில்லை. அப்படியும் இருக்கலாம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நமக்கு வேண்டிய முடிவு வந்துவிட்டால், இடிக்கிற ஒன்றுக்குச் சமாதானம் கண்டுபிடிக்க நம் மூளை வேலைக்காரன் மாதிரி ஓடி ஓடி உழைக்கும். நானும் மேசைக்குப் போய் அறிக்கையை எழுதத் தொடங்கிவிட்டேன். தம்பி மட்டும் அந்தத் தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் தேநீர் அறையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, பேயைக் கண்ட மாதிரி இருக்கிறியள்?"

"அக்கா, அந்தத் தோட்டா மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது."

"என்ன சொல்லுறியள்?"

"அங்க தகடெல்லாம் சுத்தி எடுத்துட்டு வந்தேன்ல, அந்தப் பேப்பர். பேக்கிங் பெஞ்சுல இருந்து கிழிச்சுட்டுப் போனேன். அது சும்மா பிரவுன் பேப்பர் இல்லக்கா. துரு பிடிக்காம இருக்க மருந்து ஏத்துன பேப்பர்."

எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் காகிதம் உங்களுக்கும் தெரியும். நம்மிடம் சோதித்து முடிந்த பொருட்களைத் திருப்பி அனுப்பும்போது சுற்றுவது. அதிலிருந்து ஒரு மெல்லிய ஆவி வந்து இரும்பின்மேல் படிந்து கறளைத் தடுக்கும். கறள் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டிய தகடுகளை நாங்கள் கறளுக்கு மருந்து போட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். எந்தத் தோட்டாவைச் சுட்டிருந்தாலும் எங்கள் தகடு பளபள என்றுதான் வந்திருக்கும்.

"அங்க ஆலையில பன்னெண்டு வருஷம் அதுலதான் சுத்திச் சுத்தி வச்சேன்" என்றார் தம்பி. "இரும்பைக் கையில எடுத்தா கை தானா அந்தப் பேப்பரைத் தேடுது. மூளையைக் கேக்கவே இல்ல. மழை வேற தூறிட்டு இருந்துச்சு. பத்திரமா கொண்டு போகணும்னு நெனச்சேன்."

எவ்வளவு நல்ல பழக்கம், பாருங்கள். அக்கறையில்லாதவன் செய்த பிழை இல்லை இது. இரும்பை நேசிக்கிறவன் மட்டும்தான் இந்தப் பிழையைச் செய்வான். கண்டவன் என்றால் தகடுகளைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருப்பான், சோதனையும் சரியாக நடந்திருக்கும்.

அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மனதிலும் அதுதான் ஓடியது. விசா. மனேஜரின் ஆதரவு. மாவோரிப் பாட்டுப் பாடித் திரியும் பிள்ளை. இந்த மனிதர் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் காகிதம் ஏற்கெனவே குப்பைக்குப் போய்விட்டது.

நான் அவருக்கு ஒரு வழி சொன்னேன். எனக்கு அது நல்ல வழியாகவே பட்டது.

"கேளுங்கோ தம்பி. கறள் பிடிக்க வேண்டிய தகடு பிடிக்கேல்லை, அதாலை இந்தச் சோதனை செல்லாது எண்டு நான் எழுதுறன். அது உண்மைதானே? காரணம் தெரியேல்லை எண்டு விடுவம். திரும்பச் செய்வம். காகிதத்தைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. உங்கடை பெயரும் வராது."

அவர் தலையைக் குனித்துக்கொண்டு கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் நினைத்தேன், ஆள் சம்மதித்துவிட்டார் என்று. அவர் நிமிர்ந்தார்.

"அக்கா, காரணம் தெரியலைன்னு எழுதினா, அந்தப் பேப்பர் ரோல் அங்கேயேதான் இருக்கும். நாளைக்கு இன்னொருத்தன் அதையே கிழிச்சுச் சுத்துவான். படகு போல்ட்டைச் சுத்துவான். அந்த போல்ட்டு நல்லா இருக்குன்னு நாம எழுதிக் குடுப்போம். அப்புறம் அது கடல்ல உடையும்."

"விசா?"

"பயமாத்தான் இருக்கு" என்றார். "நேத்துதான் பாப்பாவுக்கு நெட்பால் ஷூ வாங்கினோம். ஆனா சொல்லிடறேன்க்கா. இப்பவே சொன்னாதான் சொல்லுவேன். வீட்டுக்குப் போயிட்டா சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வசனத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. தன்னைப் பற்றி அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தார். நான் எழும்பி அவரோடு போனேன். கதைப்பது அவர்தான், நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

மனேஜர் கதிரையில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இது எப்படித் தெரிய வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு காரணம் எதுவும் பொருந்தவில்லை" என்று தம்பி சொன்னார். மனேஜர் தலையாட்டினார். பிறகு எழுந்து வெளியே போய், பேக்கிங் பெஞ்சில் இருந்த அந்தக் காகிதச் சுருளைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் எங்கோ பூட்டிவிட்டு வந்தார். திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தம்பிக்கு அதுதான் இன்னும் பயம்.

மத்தியானம் கிரேக் வந்தார். மனேஜர் தானே வாயைத் திறந்து சொன்னார். எங்கள் பிழை, சோதனை செல்லாது, திரும்பச் செய்ய அடுத்த வாரம் ஆகும். கிரேக்கின் முகம் கழுத்துவரைக்கும் சிவந்தது.

"ஞாயிற்றுக்கிழமை கழகமே வருகிறது. நான் என்ன சொல்வது?" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இத்தனை வருடம் இதைப் பார்க்கிறாய். உன் மனதில் என்ன படுகிறது? அதையாவது சொல். அனேகமாக நல்ல தோட்டா, அப்படித்தானே?"

அனேகமாக. அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டார். அதைச் சொல்லியிருந்தால் அவருக்கு அன்றைக்கு நித்திரை வந்திருக்கும். பிள்ளைகளே, நம் தொழிலில் ஆட்கள் நம்மிடம் உண்மையைக் கேட்டு வருவது குறைவு. ஆறுதலைக் கேட்டுத்தான் வருவார்கள், நம் கையெழுத்தோடு. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என் மனதில் ஒன்றும் படவில்லை" என்று சொன்னேன். "எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததைக் கெட்டது என்று வைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?"

அவர் வெளியே நின்ற லொறிகளைப் பார்த்தார். "கெட்டது என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும்" என்றார் மெதுவாக. "அப்பா சொல்லுவார். கொதிக்கிற தண்ணீர், சுட்ட உடனேயே. எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது. ஆனால் இந்த ஆட்களிடம் போய்த் துப்பாக்கிக்குள் தண்ணீர் ஊற்று என்று சொன்னால் என்னைத்தான் சுடுவார்கள்."

உண்மைதான். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் என்றால் பரம எதிரி. ஒரு துளி பட்டாலே துணியோடு ஓடுவார்கள். எண்ணெயால் மணிக்கணக்காகத் துடைப்பார்கள், உப்போ எண்ணெய்க்குக் கீழே பத்திரமாகப் படுத்திருக்கும்.

"ஊறுகாய்ப் போத்தலை நீங்கள் எண்ணெயாலா கழுவுவீர்கள்?" என்று கேட்டேன். கிரேக்குக்கு ஊறுகாய் தெரியாது. ஆனால் சிரித்துவிட்டார். "சரி, அத்தனை பேருக்கும் கொதிதண்ணீருக்கு எங்கே போவேன்? அங்கே ஒரு கேத்தல்தான் இருக்கிறது."

கொதிதண்ணீரா? தமிழரிடமா கேட்கிறீர்கள்? அன்னதானத்துக்குத் தேநீர் போட எங்கள் கோயில் மடைப்பள்ளியில் இரண்டு பெரிய மின்சாரக் கொதிகலன்கள் இருக்கின்றன. அந்த வாரம் விசேஷம் ஒன்றும் இல்லை. எதற்கு என்று கேட்ட கோயில் செயலாளரிடம், துவக்குக் கழுவ என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு கழகத்துக்குச் சுடுதண்ணீர் கொடுக்க என்று சொன்னேன். அதில் பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் கொதிகலன்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து, அதற்கு மேலே பெரிய காதுக் கவசமும் மாட்டியிருந்தேன். முதல் வெடிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். உடம்பெல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டது. கண்ணைத் திறந்தபோது முன்னால் ஒரு குடும்பம் புல்லில் பாய் விரித்துச் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் ஓடவில்லை. வெடிச் சத்தம் கேட்டும் ஒருவரும் ஓடாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதை என் உடம்பு அன்றைக்குத்தான் நம்பியது. எனக்கு அழுகை வந்தது. தம்பி பார்க்காத மாதிரி கொதிகலனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சுட்டு முடித்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் மேசைக்கு வர வேண்டும் என்று கிரேக் அறிவித்தார். ஒருவரும் வரவில்லை. தூர நின்று எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கடைசியில் மார்கரெட்தான் வந்தார். மெலிந்த கை, அதில் அந்தத் துப்பாக்கி.

"என் புருஷன் இதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விட்டதில்லை" என்றார். "இது நல்ல தோட்டாவா, கெட்டதா?"

தம்பி அவரை நேரே பார்த்தார். "தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், நான் செய்த பிழையால்தான் தெரியாமல் போனது. அதனால் கெட்டது என்று நினைத்துக் கழுவுவோம். கழுவிய பிறகு நானே துடைத்துக் காய வைத்து எண்ணெய் போட்டுத் தருகிறேன்."

பொருள் விற்கிறவனோ திருத்துகிறவனோ இப்படிப் பேசி அந்த அம்மா கேட்டதில்லை போலும். தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் துப்பாக்கியை நீட்டினார். புனல் வைத்துத் தண்ணீரை ஊற்றினோம். மறுபக்கத்தால் கறுப்புத் தண்ணீர் வந்தது, பிறகு சாம்பல் நிறத் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். குழாய் சூடேறி இருந்ததால் தானாகவே காய்ந்தது. மார்கரெட் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "என்ன நின்றுகொண்டிருக்கிறீர்கள், வாருங்கள்" என்று ஒரு அதட்டல் போட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்கவில்லை.

அடுத்த வாரம் சோதனையைத் திரும்பச் செய்தோம். இந்த முறை தகடுகளைக் கண்ணாடிப் போத்தல்களில் கொண்டுவந்தோம். பெட்டியைத் திறந்தவர் தம்பி.

"அக்கா! புடிச்சிருச்சு! துரு புடிச்சிருச்சு!" என்று அவர் போட்ட கூச்சலுக்கு முன்னறையில் இருந்தவர்கள் எழும்பி வந்துவிட்டார்கள். கறளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. பிடிக்க வேண்டிய தகடு செம்மஞ்சளாகப் பூத்திருந்தது. வெறும் தகடு சுத்தம். கிரேக்கின் டின்களில் சில சுத்தம், சில மோசம். இரண்டு வகையையும் கலந்துதான் அவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சுட்டவற்றில் அந்த மோசமான டின்களும் இருந்தன. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டிருந்தால், அத்தனை பேரும் வழக்கம்போல எண்ணெய் போட்டுத் துடைத்து உறைக்குள் வைத்திருப்பார்கள்.

கிரேக் நல்ல டின்களையும் கெட்ட டின்களையும் பிரித்து வைத்து, கெட்டது என்று எழுதி ஒட்டியே விற்றார். வாங்குகிறவர்களுக்கு ஒரு புனலும் சேர்த்துக் கொடுத்தார் என்று கேள்வி.

ஆனால் தம்பியின் விஷயம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மனேஜர் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. சில மாதங்கள் போன பிறகு ஒரு நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் தம்பியின் விண்ணப்பத்துக்குரிய தாள்கள் கிடந்தன. இந்த வேலைக்கு ஏன் உள்ளூரில் ஆள் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு நிறுவனம் பதில் எழுத வேண்டும்.

"தகடு தீட்டவும் துடைக்கவும் இங்கே எத்தனையோ பேர் கிடைப்பார்கள்" என்றார் மனேஜர், தாளைப் பார்த்தபடி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒருவருக்கும் தெரியாத தன் பிழையை, ஒருவரும் கேட்காமல், வேலை போகும் என்று தெரிந்தும் வந்து சொல்லுகிற ஆள் வேண்டும் என்று எந்தத் தலைப்பில் விளம்பரம் போடுவது? நீங்களே சொல்லுங்கள். நான் அப்படித்தான் எழுதப்போகிறேன்."

அப்படியே எழுதினார். வதிவிடம் கிடைத்த அன்று தம்பி என் மேசைக்கு வந்து, "கெடைச்சிருச்சுக்கா" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். இருவருமாகத் தகடு தீட்டப் போனோம்.

அந்த மனேஜர் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்கே போய்விட்டார். போகும்போது தன் அறையை யாருக்குக் கொடுத்தார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தினமும் காலையில் நீங்கள் குட் மோர்னிங் சொல்லிப் பயந்து பயந்து கடந்து போகிறீர்களே, அந்த அறைதான். இதை எழுத அந்த அறையில் இருக்கும் தம்பியிடம் அனுமதி கேட்டேன். காகிதத்தைப் பற்றியதை மட்டும் விடாமல் எழுதுங்கள் என்று சொன்னார். ஆகவே உங்களில் ஒருவர் ஒரு நாள் ஏதாவது பிழை செய்வீர்கள், செய்யத்தான் போகிறீர்கள். அதை வீட்டுக்குக் கொண்டு போகாதேயுங்கள். அன்றைக்கே போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.